பெட்டி போக நிறை

அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் இரண்டு நிபுணர்கள் இருந்தோம். என் கணவர் முப்பது வருடம் கல்லூரியில் விலங்கியல் படிப்பித்தவர். நான் புத்தூர்ப் பக்கத்தில் பிள்ளைப்பேறு பார்க்கிற அரசாங்க மருத்துவமாது, சனங்களுக்கு மிஸி. எலியின் உடம்புக்குள் எது எங்கே இருக்கிறதென்று அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். பிறந்த ஒரு சீவன் மாதத்துக்கு மாதம் எவ்வளவு நிறை கூடவேண்டும் என்று நான் நித்திரையிலும் சொல்வேன். இப்படிப்பட்ட இருவர் கையில் அகப்பட்ட இரண்டு கிழ எலிகள் பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவர் பென்சன் எடுத்தது எழுபத்துநான்கில். கல்லூரி ஆய்வுகூடத்தில் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் வெட்டிப் படிப்பதற்கென்று வெள்ளை எலிகளை வளர்ப்பார்கள். பிரியாவிடைத் தேநீர், மாலை, ஒரு சுவர் மணிக்கூடு எல்லாம் முடிந்து அவர் வீட்டுக்கு வந்து சைக்கிளால் இறங்கியபோது, கரியரில் ஒரு பிஸ்கற் தகரம் கட்டியிருந்தது. மூடி முழுக்க ஆணியால் குத்திய ஓட்டைகள்.

"உதென்ன?" என்று கேட்டேன்.

"மிச்சம்."

"மிச்சமெண்டால்?"

"இந்த வருஷம் வெட்டினது போக மிச்சம். வாறவர் வெட்டட்டும் எண்டு விட்டிட்டு வர மனம் வரேல்லை."

தகரத்துக்குள் இரண்டு ஆண் குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்று, மூக்கை ஆட்டி என்னை மணந்து பார்த்தன. மணிக்கூட்டை நான் அன்றைக்கே சுவரில் மாட்டினேன். எலிகளுக்கு இடம் பார்க்க எனக்கு ஒரு கிழமை, முழுதாக ஏழு நாள், பிடித்தது. கடைசியில் ஒரு தேயிலைப் பெட்டிக்குக் கம்பிவலை அடித்து, நடுவில் ஒரு தட்டும் வைத்து, குசினிக்கு வெளியே இறக்கிய பத்தியில் வைத்தோம்.

பென்சன் எடுத்த பிறகு அவர் சாப்பாட்டை விட்டுவிட்டார். வெறுத்து விட்டார் என்றில்லை. மறந்துவிட்டார் என்று சொல்லலாம். கல்லூரியில் மத்தியானம் ஆறேழு வாத்திமார் ஒரே மேசையில் சாப்பாட்டுப் பாசல்களைப் பிரித்து, ஒருவர் கறியை ஒருவர் எடுத்து, அதிபரைப் பற்றிக் கதைத்துக்கொண்டு சாப்பிடுவார்களாம். வீட்டில் யார் இருக்கிறார்கள்? எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் காலையில் சமைத்து மூடிவைத்துவிட்டுச் சைக்கிளில் புறப்பட்டால், கிளினிக், வீடு வீடாகப் போய்ப் பார்த்தல், இடையில் யாருக்காவது பிள்ளைப்பேறு என்று மூன்று மணிக்கு முன் திரும்பமாட்டேன். வந்து பார்த்தால் மூடியது மூடியபடி இருக்கும். "பசிக்கேல்லை," என்பார். காற்சட்டைக்குப் புதிதாக ஒரு ஓட்டை போட்ட பெல்ற் வந்தது. பிறகு இன்னொரு ஓட்டை. டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். உடம்பில் வருத்தம் ஒன்றும் இல்லை என்றார்.

எலிகள்தான் அவரைச் சாப்பிடவைத்தன. சாப்பிட முன் ஒரு பிடி சோறு காகத்துக்கு வைப்பது அவருடைய பழக்கம். எலிகள் வந்த சில நாளில் அந்தப் பிடி கூட்டுக்குப் போகத் தொடங்கியது. "இவை பிள்ளையாரின்ரை வாகனம். காகத்தைவிட ரெண்டு படி மேலை," என்று சிரித்துக்கொண்டு சொன்னார். எலிகள் கம்பிவலையைப் பிடித்து நிற்கும். அவர் சாப்பாட்டுப் பீங்கானைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து ஒரு பிடியை உள்ளே வைப்பார். அவை இரண்டு கையாலும் எடுத்துத் தின்னத் தொடங்கியதும் தானும் சாப்பிடுவார். பெரியது பெரியவர், மற்றது சின்னவர். இரண்டொரு மாதத்தில் பெல்ற் ஒரு ஓட்டை பின்னுக்கு வந்தது. எலிகள் பசியோடு கம்பியைப் பிடித்து நிற்கும்வரை இந்த மனிதர் சாப்பிடுவார் என்று கண்டுகொண்டேன். அன்றிலிருந்து அவற்றின் ஆயுள் என் பொறுப்பாயிற்று.

நான் பொறுப்பு எடுத்தால் எப்படி இருக்கும் என்பதை என்னோடு வேலை செய்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

எழுபத்தாறாம் ஆண்டு நடுப்பகுதியில் இரண்டு பேருக்கும் வயது தெரியத் தொடங்கியது. வெள்ளை மயிர் பழைய வேட்டிபோல மஞ்சளடித்தது. பின்னங்கால்களை இழுத்து நடந்தார்கள். மேல்தட்டுக்கு ஏற முன் கீழே நின்று யோசித்தார்கள். சின்னவர் பெயருக்கு மாறாகப் பெரியவரை விடப் பருத்து, உட்கார்ந்தால் நான்கு பக்கமும் வழிந்தார். அவருடைய பின்னங்கால் அடியில் சிவந்து தடித்த புண். நான் கணவரிடம் கேட்டேன், "வயது போன எலியை எப்பிடிப் பாக்கிறது?"

"எனக்கென்ன தெரியும்?" என்றார். "எங்கடை ஆய்வுகூடத்திலை ஒருத்தருக்கும் வயது போறதில்லை."

பக்கத்து வீட்டுப் பசுவைப் பார்க்க மாட்டு டொக்டர் வந்த அன்று, நான் பிஸ்கற் தகரத்தோடு வேலிப் பொட்டுக்குள்ளால் புகுந்து போனேன். அவர் தகரத்தைத் திறந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மிஸி, இந்தப் பக்கத்திலை வெங்காயம் போடுற சனமெல்லாம் என்னட்டை எலி சாக மருந்து கேக்கினம். சாகாமல் இருக்கக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான்."

"கேக்கக்கூடாதோ, டொக்டர்?"

"கேளுங்கோ, கேளுங்கோ." சின்னவரைத் தூக்கி உள்ளங்காலைப் பார்த்தார். "பாரம். வருத்தமெண்டு வேறை ஒண்டுமில்லை. என்ன குடுக்கிறியள்?"

சொன்னேன். சோறும் சொதியும். கத்தரிக்காய்ப் பொரியல். பின்னேரம் தேங்காய்ச் சொட்டு, கொறிக்கச் சிரட்டை, காய்ந்த பனங்கிழங்கு ஒடியல். வெள்ளிக்கிழமைகளில் எள்ளுருண்டை.

"எலிக்கோ, மாப்பிள்ளைக்கோ?" என்று கேட்டார். பசுவைப் பிடித்துக்கொண்டு நின்ற பக்கத்து வீட்டு அக்கா கயிற்றை விட்டுவிட்டுச் சிரித்தா.

அவர் சொன்னவை இவைதான்: தேங்காயும் எண்ணெயும் உப்பும் குறையவேண்டும். குரக்கன், பயறு, கீரை, பூசணி போதும். மேல்தட்டை எடுத்துவிட்டு நிலத்துக்குப் பழைய நூற்சேலை விரிக்கவேண்டும். கிழமைக்கு ஒருக்கால் நிறுக்கவேண்டும். "ரெண்டு பேரும் கொஞ்சம் இறங்கட்டும். இறங்கினாப் பிறகு அப்பிடியே நிக்கட்டும்." அந்தக் கடைசி வசனத்தையும் வீட்டுக்கு வந்து தினக்குறிப்பில் எழுதிவைத்தேன். எழுதிவைத்ததால் விளங்கிக்கொண்டேன் என்று நினைப்பது எனக்குள்ள பழைய வியாதி.

முதல் இடைஞ்சல் அன்றைக்கே வந்தது.

"இனி அவைக்கு வேறை சாப்பாடு," என்று கணவரிடம் சொன்னேன்.

"அவைக்கு வேறை, எனக்கு வேறையோ?"

"ஓம்."

"அது சரிவராது. வைக்கிற பிடி என்ரை பீங்கானிலை இருந்துதான் எடுக்கவேணும். காகத்துக்கு ஆரும் தனியாச் சமைச்சு வைக்கினமே?"

"அப்ப பிடியை விடுங்கோ."

"அவை பாத்துக்கொண்டு நிக்க நான் இருந்து விழுங்கிறதோ?" என்று சொல்லிவிட்டு, தொடங்காத பீங்கானை மூடினார்.

விலங்கியல் வாத்தியார்தான். ஆனாலும் இந்த விஷயத்தில் அவரோடு தர்க்கம் செய்ய முடியாது. படைக்கிறதும் உண்கிறதும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று சிறுவயதில் படிந்தது படிந்ததுதான். எலிகள் இறங்கவேண்டும், இவர் ஏறவேண்டும், மூவரும் ஒரே பானையில் இருந்து சாப்பிடவேண்டும். கொஞ்சம் மூளையுள்ள பெண் இந்த இடத்தில் நின்று யோசித்திருப்பாள். நான் வீடு முழுவதையும் எலிச் சாப்பாட்டுக்கு மாற்றினேன்.

காலையில் உப்பில்லாத குரக்கன் கூழ். மத்தியானம் அவித்து மசித்த பூசணியும் பயறும், முருங்கையிலையைத் தண்ணீரில் அவித்த ஒரு பச்சைத் திரவமும். வயது போனவர்களுக்கு மெதுவாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் மசித்தேன். ஆறாம் மாதத்தில் குழந்தைக்கு ஊட்டத் தொடங்கும் பதத்தில். சிரட்டை, தேங்காய்ச் சொட்டு, ஒடியல் எல்லாவற்றையும் கூட்டிலிருந்து எடுத்துவிட்டேன். தாளிக்கிற சட்டி அலுமாரிக்குமேல் ஏறியது.

சில நாளில் பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தா.

"என்ன பிள்ளை, ஆருக்கும் சுகமில்லையே? உங்கடை குசினியிலை வெங்காயம் வதங்கிற மணத்தைக் காணன்."

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை, அக்கா. எலிகளுக்குப் பாரம் கூடிப்போச்சு."

அக்கா எட்டி எங்கள் பத்திப் பக்கம் பார்த்தா. "அதுக்கு வாத்தியார் என்ன செய்தவர்?" என்று கேட்டா. அன்று பின்னேரமே ஒரு கோப்பை மீன்குழம்பு வேலிக்கு மேலால் வந்தது. நான் நன்றி சொல்லித் திருப்பி அனுப்பினேன். கணவர் அந்தக் கோப்பை போகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி நிறுவை. வீட்டில் அவருடைய சிறிய தராசு ஒன்று இருந்தது, கிராம் கணக்கில் நிறுக்கக்கூடியது. எலியை வெறும் தட்டில் வைத்தால் நிற்காது. ஆகையால் சந்தையில் மூடியோடு இரண்டு சின்ன ஓலைப்பெட்டிகள் வாங்கினேன், ஆளுக்கொன்று. வெறும் பெட்டிகளைத் தனித்தனியே நிறுத்து, அந்த நிறையை ஒவ்வொன்றின் அடியிலும் மையால் எழுதினேன். எலியோடு நிறுத்து அதைக் கழித்தால் சரி. கிளினிக்கில் பிள்ளைகள் தராசைக் கண்டு வீரிட்டுக் கத்துவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு புத்தி வந்திருந்தது: தராசுக்குப் போகிற சாமான் முன்பே பழகியிருக்கவேண்டும். ஆகவே பெட்டிகளைக் கிழமை முழுக்கக் கூட்டுக்குள்ளேயே விட்டுவைத்தேன். இந்த யோசனையை எனக்குள் பல தடவை மெச்சிக்கொண்டதும் ஞாபகம் இருக்கிறது.

இரண்டு பேரும் அழகாக இறங்கினார்கள்.

கிளினிக்கில் பிள்ளைகளுக்குக் கீறுவதுபோல ஒரு மட்டையில் கோடும் கீறினேன். எலிக்கு ஒரு கோடு. இரண்டும் கிழமைக்குக் கிழமை கீழே போயின. என் உத்தியோகத்தில் கோடு மேலே போனால் சந்தோஷம். இங்கே கீழே போனால் சந்தோஷம் என்று மாற்றி வைத்துக்கொண்டேன். ஒரு கோடு எங்கே வந்து நிற்கவேண்டும் என்று எனக்கு யாரும் படிப்பிக்கவில்லை. நான் பார்க்கிற சீவன்கள் எல்லாம் ஐந்து வயதுக்குள் என் கையை விட்டுப் போய்விடுகிறவை. மாட்டு டொக்டரைச் சந்தியில் கண்டு சைக்கிளால் இறங்கி நின்று மட்டையைக் காட்டினேன். அவர் பஸ்ஸைப் பிடிக்க நின்றார். "நல்லது, நல்லது," என்றார். அந்த இரண்டு சொல்லையும் இரண்டு பேருக்கும் பங்கிட்டுக்கொண்டு வந்தேன்.

பெரியவர் சின்னவரைவிட வேகமாக இறங்கியதால் அவரே என் செல்லம். மட்டையில் அவர் கோட்டுக்குப் பக்கத்தில் 'மிக நன்று' என்று எழுதியிருக்கிறேன். அவருடைய ஓலைப்பெட்டி வாங்கியபடியே புதிதாக இருந்தது. சின்னவரோ தன்னுடையதைக் கடித்துக் கடித்து விளிம்பைக் குதறி வைத்திருந்தார். "பாருங்கோ, பெரியவருக்கு எவ்வளவு மரியாதை," என்று கணவருக்குக் காட்டினேன். அவர் பூசணியைக் கிளறிக்கொண்டு "ம்" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சின்னவரைப் பெட்டியில் வைத்து மூடித் தராசில் ஏற்றினேன். முள் நிற்கிறதா என்று நான் குனிந்து பார்த்த நேரம், பெட்டியின் அடி கழன்றது. சின்னவர் ஓசையோடு தராசுத் தட்டில் இருந்தார். அவரைச் சுற்றி ஓலைச் சுவர் மட்டும் நின்றது, மூடியோடு. அவர் அசையவில்லை. அசைய அவருக்கு என்றைக்குமே விருப்பமில்லை.

கணவர் எழுந்து வந்து, நிற்கிற ஓலையைத் தூக்கி எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, படிப்பிக்கிற காலத்தில் அவரிடம் இருந்த குரலில் கேட்டார், "வெறும் பெட்டியைக் கடைசியா எப்ப நிறுத்தனீர்?"

"வாங்கின அண்டு."

"பிறகு?"

"பிறகு என்னத்துக்கு? அடியிலை எழுதித்தானே கிடக்கு."

"எழுதின அடியை அவர் திண்டிட்டார்," என்றார்.

மிஞ்சிய ஓலையை நிறுத்துப் பார்த்தோம். பாதிக்கும் குறைவு. சின்னவரை ஒரு சட்டியில் வைத்து, சட்டியை முன்னும் பின்னும் நிறுத்துக் கழித்துப் பார்த்தோம். கிழமைக்குக் கிழமை நான் கீறிய இறக்கம் முழுவதும் ஓலையினுடையது. சின்னவர் தொடங்கிய நாளைவிட ஒரு கொஞ்சம் கூடியிருந்தார். எப்படி என்று கேட்கவேண்டிய தேவை இருக்கவில்லை; கணவர் வேறு பக்கம் பார்த்தார். உப்பில்லாத அந்தச் சாப்பாட்டில் அவர் தனக்கென்று எடுத்தது சில வாய்தான். மிச்சப் பீங்கான் பிடிபிடியாகக் கூட்டுக்குள் போயிருக்கிறது.

"நீங்கள் எவ்வளவு இறங்கினியள்?" என்று கேட்டேன். அவர் பெல்றைக் காட்டினார்.

நான் கொஞ்ச நேரம் சிரித்தேன். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பின் நடுவில்தான் பெரியவருடைய பெட்டி கண்ணில் பட்டது. ஒரு பல் அடையாளமும் இல்லாத பெட்டி. வெறும் பெட்டியை நிறுத்தேன்; அடியில் எழுதியபடியே இருந்தது. அப்படியானால் பெரியவருடைய இறக்கம் பெட்டியினுடையது அல்ல. அவரைக் கையில் எடுத்தேன். ஒவ்வொரு கிழமையும் எடுத்த அதே கைதான். அன்றுதான் முதுகெலும்பு ஒவ்வொரு கணுவாக விரலில் தட்டியது. இடுப்பு இருக்கவேண்டிய இடத்தில் தோல் மடிந்து கிடந்தது. இந்தச் சீவனுக்குப் பக்கத்தில் நான் 'மிக நன்று' என்று எழுதியிருந்தேன்.

தாளிக்கிற சட்டி அன்றைக்கே கீழே இறங்கியது. பெரியவருக்கு அவித்த முட்டை, பால் விட்ட சோறு. கணவருக்கு மீன்குழம்பு. அவர் பீங்கானைக் கொண்டுபோய் உட்கார்ந்து முதல் பிடியை வைத்தார். சின்னவரைத் தகரத்துக்குள் மாற்றி வைத்திருந்தோம். பெரியவர் வந்தார், மணந்தார், இரண்டு கையாலும் எடுத்தார், வாய்க்குக் கொண்டுபோனார். கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். வைத்தார். பிறகு திரும்பிச் சேலைத் துண்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டார்.

கணவர் அந்த மீன்குழம்பைத் தொடவில்லை.

அந்தக் கிழமை அப்படியே போயிற்று. ஒவ்வொரு நாளும் ஏதாவது புதிதாகச் செய்தேன். பெரியவர் ஆசையாக வருவார், எடுப்பார், வைப்பார். பாலை மட்டும் கொஞ்சம் நக்குவார். கணவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தன் பீங்கானை எனக்கு நீட்டுவார். நான் வற்புறுத்தினால் இரண்டு வாய் வைப்பார். பெல்றில் இனி ஓட்டை போட இடம் இல்லை. ஒரு சாக்குக் கயிறு வந்தது.

"வயது போட்டுது," என்றார் ஒரு நாள். "விடும்."

"வயதெண்டால் சாப்பாட்டிலை விருப்பம் இருக்காது. இவர் விரும்பி வாறாரே."

"எனக்கு வெட்டினாப் பிறகு உள்ளுக்கை கிடக்கிறதுதான் தெரியும். வெட்ட முந்தி எப்பிடி எண்டு தெரியாது."

அவர் அதைப் பகிடியாகச் சொல்லவில்லை. நான் குசினிக்குள் போய் அவருடைய பீங்கானைக் கழுவினேன். அதில் கழுவ ஒன்றும் இருக்கவில்லை. எலி ஒன்று போய்விட்டால் மற்றது இருக்கிறது என்று யாரும் சொல்லலாம். ஆனால் அவர் பீங்கானோடு போய் உட்கார்ந்தது பெரியவர் பக்கத்தில்தான். சின்னவர் யார் கொடுத்தாலும் தின்பார்.

அடுத்த கிளினிக் நாளில் ஒரு தாய் தன் பத்து மாதப் பிள்ளையைக் கொண்டுவந்தாள். நிறை குறைந்திருந்தது. நான் வழக்கம்போல முகத்தைக் கடுமையாக்கினேன்.

"என்ன குடுக்கிறீர்?"

"எல்லாம் குடுக்கிறன், மிஸி. கோப்பையைக் கண்டால் பாஞ்சு வாறான். வாய்க்கை வைச்சாத் துப்புறான்."

"விரும்பி வாறான், துப்புறான். அப்ப வாய்க்கைதானே ஏதோ பிழை? வாயைத் திறந்து பாத்தனீரே?"

இல்லை என்று தலையாட்டினாள். நான் இத்தனை வருடமும் எத்தனையோ பேருக்குச் சொன்ன அதே வசனம். சொல்லும்போது எப்போதும் இருக்கும் அதே எரிச்சல். சொல்லிவிட்டுப் பிள்ளையின் வாயைத் திறந்தேன். நாக்கில் வெள்ளை படர்ந்திருந்தது. மருந்து பூசினேன். பூசிக்கொண்டிருக்கும்போதுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது.

"மிஸி, ஏன் நிக்கிறியள்? பெரிய வருத்தமே?" என்று அந்தப் பெண் பயந்து கேட்டாள்.

"உம்மடை பிள்ளைக்கு ஒண்டுமில்லை," என்றேன். "நான் வேறை ஒரு ஆளை யோசிச்சனான்."

கிளினிக் முடிந்ததும் மற்ற வீடுகளை மறுநாளைக்குத் தள்ளிவிட்டு நேரே வீட்டுக்கு மிதித்தேன். உத்தியோகத்தில் நான் அப்படிச் செய்தது அந்த ஒரு தடவைதான். புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டு நின்றவர்கள், யாருக்கோ பிள்ளைப்பேறு என்று நினைத்து வழிவிட்டார்கள்.

"பெரியவரின்ரை வாயைத் திறக்கவேணும்," என்றேன் வாசலில் நின்றபடியே.

பிறந்த பிள்ளையைச் சுற்றுகிற மாதிரிப் பழைய சேலைத் துண்டால் அவரைச் சுற்றினேன், தலை மட்டும் வெளியே. அந்தச் சுற்று எனக்குக் கை வந்தது. கணவர் விரலால் உதட்டை விலக்கினார். கீழ் முன்பற்கள் இரண்டும் வளைந்து நீண்டு மேல் அண்ணத்தைத் தொட்டுக்கொண்டு நின்றன. மேற்பல் ஒன்று பக்கவாட்டில் கோணியிருந்தது.

கணவர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எலியின்ரை முன்பல் சாகுமட்டும் வளரும்," என்றார். "கொறிச்சுக்கொண்டே இருக்கவேணும், இல்லாட்டி நீளும். முப்பது வருஷம் கரும்பலகையிலை கீறினனான். சோதினையிலை கேட்டனான். பிழையா எழுதின பெடியளுக்குப் புள்ளி குறைச்சனான்."

"கொறிக்கிற சாமான் எல்லாத்தையும் எடுத்தது நான்," என்றேன். "சின்னவர் பெட்டியைக் கடிச்சுத் தப்பினார். கூழும் மசியலும் குடுத்ததும் நான்."

"நாங்கள்," என்றார் அவர். பிறகு உள்ளே போய், அலுமாரியின் அடித்தட்டில் இருந்து தன் வெட்டுப்பெட்டியைக் கொண்டுவந்தார். பென்சன் எடுத்த பிறகு அதை அவர் திறக்கவில்லை. சிறிய குறடு ஒன்றை எடுத்துக் கொதிநீரில் போட்டார். நான் விளக்கைக் கிட்ட நகர்த்தினேன்.

குறட்டைப் பல்லுக்குக் கிட்டக் கொண்டுபோய் நிறுத்தினார். பெரியவர் என் கைக்குள் இருந்து அவரையே பார்த்தார்.

"இந்தப் பெட்டியை எத்தினை தரம் திறந்திருப்பன்," என்றார். "ஒருத்தரும் இப்பிடி முழிச்சுப் பாத்துக்கொண்டு இருந்ததில்லை."

"பேசாமல் வெட்டுங்கோ," என்றேன். பிள்ளைப்பேற்று நேரத்தில் புருஷன்மாரிடம் பேசுகிற குரல்.

ஒரு சிறு சத்தம். பிறகு இன்னொன்று. அரிசி முனைபோல இரண்டு துண்டு சேலையில் விழுந்தன. கோணிய மேற்பல்லையும் கொஞ்சம் எடுத்தார். இரத்தம் வரவில்லை. பெரியவரைக் கூட்டுக்குள் விட்டு, முட்டை மஞ்சட்கருவைப் பாலில் குழைத்து ஒரு மூடியில் வைத்தேன். அவர் வந்து மணந்தார். நக்கினார். கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு, வாயில் ஏதோ மாறியிருக்கிறது என்று யோசிப்பதுபோல முகத்தைத் துடைத்தார். பிறகு மூடிக்குள் தலையை வைத்தவர் எடுக்கவில்லை.

"சோறு கிடக்கோ?" என்று கணவர் கேட்டார்.

பழைய சோறும் காலையில் வைத்த கத்தரிக்காய்க் குழம்பும் இருந்தன. பெரியவர் பக்கத்தில் இருந்து சாப்பிட்டார். அன்றைக்கு எலிகளுக்கு முதல் பிடியை வைக்க மறந்துவிட்டார். நான் ஞாபகப்படுத்தவில்லை.

அதன்பிறகு செய்ததெல்லாம் சாதாரணம். கூட்டை நடுவில் பலகை அடித்துப் பிரித்தோம், ஒருவர் பங்கை மற்றவர் தின்னாதபடி. சிரட்டை திரும்பி வந்தது, தேங்காயைச் சுரண்டி எடுத்தபின். பல்லை இரண்டு கிழமைக்கு ஒருக்கால் பார்த்தோம். பிடி சோறு விஷயத்தில் அவரும் இறங்கி வந்தார்: குழம்பு விட முன், உப்புப் படாத வெறும் சோற்றில் ஒரு சின்னப் பிடி, கடலைப் பருமன். பீங்கானில் இருந்து எடுத்ததுதான். பிள்ளையார் அளவு பார்க்கமாட்டார் என்று அவரே தீர்ப்புச் சொன்னார். சின்னவர் உண்மையாகவே இறங்கினார், காற்புண் ஆறியது. பெரியவர் ஏறி ஒரு இடத்தில் வந்து நின்றார். இருவருடைய கோடுகளும் மட்டையில் நேராகப் போயின. நிறுக்கும்போது ஒவ்வொரு முறையும் சட்டியையும் நிறுத்தேன்.

பெரியவர் அடுத்த வருடம் மழை தொடங்கும் காலத்தில் நித்திரையில் போனார். நல்ல நிறையில் போனார். சின்னவர் அதற்குப் பிறகு ஒரு மாதம்தான். இருவரையும் வேலி ஓர மாதுளைக்குக் கீழே தாட்டோம். பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றா. 

சின்னவரைத் தாட்ட மறுநாள் கிளினிக் இல்லை. மத்தியானம் சமைத்து வைத்துவிட்டு, என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்த மாதிரி நின்றேன். கூடு வெறுமையாக இருந்தது. அவர் பத்திக்குப் போகவில்லை. மேசைக்கு வந்து உட்கார்ந்தார். நான் பீங்கானில் சோறு போட்டேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போலக் குசினிப் பக்கம் திரும்பினேன். அவர் சாப்பிட்டு முடிந்தபிறகு குசினியில் நின்றபடி வழித்துத் தின்பதுதான் என் வழக்கம். கலியாணம் முடித்த நாளில் இருந்து.

"நீர் இரும்," என்றார்.

"நான் பிறகு."

"ஏன் பிறகு? இரும்."

எதிர்க் கதிரையில் உட்கார்ந்தேன். எனக்கும் ஒரு பீங்கான் எடுத்துவைத்தார், சோறும் அவரே போட்டார், அளவு தெரியாமல். அவருக்கு எதிரே இருந்து சாப்பிடுவது எனக்குக் கூச்சமாக இருந்தது. முதல் வாய் எப்படிப் போனதென்று தெரியவில்லை.

"நேற்றுக் கிளினிக்கிலை என்ன புதினம்?" என்று கேட்டார்.

சொல்லத் தொடங்கினேன். இரட்டைப் பிள்ளை பெற்ற ஒருத்தியின் மாமி, இரண்டில் எது மூத்தது என்பதில் என்னோடு சண்டை பிடித்த கதை. அவர் சிரித்தார். தங்கள் கல்லூரியில் இரட்டையர் இருவர் ஒருவருக்காக மற்றவர் சோதனை எழுதிய கதையைச் சொன்னார். நான் மாமியின் கதைக்குத் திரும்பினேன். குழம்புச் சட்டி அவர் பக்கத்தில் இருந்து என் பக்கத்துக்கும், என் பக்கத்தில் இருந்து அவர் பக்கத்துக்கும் போனது. எழும்பும்போது பார்த்தேன், சோற்றுப்பானை வெறுமையாக இருந்தது. அதில் அவர் எவ்வளவு சாப்பிட்டார், நான் எவ்வளவு சாப்பிட்டேன் என்று கவனிக்க எனக்கு நினைவே வரவில்லை.